கவாத்தும் கசரத்தும்: தொம்மலூர் வகுப்பறையின் முன்வரலாறு

உடற்பயிற்சியைக் குறிக்கத் தமிழில் வழங்கிய மூன்று சொற்கள் இன்று மறக்கப்பட்டுவிட்டன, அல்லது வேறு பொருளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. 'சிரமம்' ஒரு காலத்தில் ஆயுதப் பயிற்சியையும் குறித்தது. பயிற்சி நடந்த இடம் சிரமச்சாலை. இன்று அச்சொல்லுக்குத் தொல்லை என்ற பொருள் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. 'கசரத்து' உருது வழியாக வந்தது. அதன் மூலமான அரபுச் சொல்லுக்கு மிகுதி, அடிக்கடி நிகழ்தல் என்பவை பொருள். ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதே பயிற்சி என்னும் கருத்து அச்சொல்லின் வேரிலேயே இருக்கிறது. 'கவாத்து' என்பதற்கும் அரபு மூலமே: விதி எனப் பொருள்படும் காயிதா என்பதன் பன்மையாகிய கவாயித், படைவீரர் அணிப்பயிற்சிக்குப் பெயராகித் தமிழுக்கு வந்தது. தோட்டத்தில் செடியின் கிளையை வெட்டி ஒழுங்குபடுத்துவதற்கும் அதே சொல் வழங்குவது தற்செயலாகத் தெரியவில்லை.

கசரத்துக்கும் கவாத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே கேள்வியில் அடக்கலாம்: எண்ணுவது யார்? கசரத்தில் தண்டால் எடுப்பவரே தம் எண்ணிக்கையை வைத்துக்கொள்கிறார். கவாத்தில் எதிரே நிற்பவர் எண்ணுகிறார். வரிசை முழுவதும் அந்த எண்ணுக்கு அசைகிறது. பெங்களூரின் தொம்மலூரில் இன்று மாலைதோறும் நடக்கும் குழு உடற்பயிற்சி வகுப்புகளில், மேலுடல் வலிமைக்கென ஒதுக்கப்படும் பத்துப் பதினைந்து நிமிடங்களை எப்படித் திட்டமிடுவது என்ற சிக்கல் இந்தப் பழைய கேள்வியின் தொடர்ச்சிதான்.

ஏன் மேலுடல்? காலுக்கான பயிற்சியில் கூட்டத்தின் ஏற்றத்தாழ்வு ஓரளவு மறைந்துவிடுகிறது. நடந்தும் படியேறியும் வாழும் எவருக்கும் தம் உடலைத் தாங்கும் கால் இருக்கிறது. தோள், மார்பு, முதுகு, புயம் ஆகியவை அப்படியல்ல. 1993இல் வெளிவந்த, பின்னர் பலராலும் மேற்கோள் காட்டப்பட்ட ஓர் ஆய்வில், பெண்களின் கீழுடல் வலிமை ஆண்களுடையதில் ஏறத்தாழ 66 விழுக்காடாகவும் மேலுடல் வலிமை ஏறத்தாழ 52 விழுக்காடாகவும் அளக்கப்பட்டது. வயது, தொழில், முன்பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். ஒரே அறையில் இருபது பேர் பஸ்கி போட்டால் அனைவரும் ஏதோ ஒரு வகையில் முடித்துவிடுவர். அதே இருபது பேருக்குப் பத்துத் தண்டால் என்றால் சிலருக்கு அது விளையாட்டு, சிலருக்கு ஒன்றுகூட எழாது. முழுத் தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 40 கிலோ. அதே வகுப்பில் அவர் கையில் தரப்படும் டம்பெல் இரண்டரைக் கிலோவாக இருக்கும். 'வெறும் உடல் எடைதானே' என்று சொல்லித் தண்டாலைத் தொடக்கநிலைப் பயிற்சியாக வைக்கும் வழக்கம் எவ்வளவு விசித்திரமானது என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

இந்தச் சிக்கலின் வரலாற்றைப் பேசத் தொம்மலூர் பொருத்தமான இடம். சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர் பெறும் இவ்வூர், 1809இல் பிரிட்டிஷார் நிறுவிய கண்டோன்மென்டின் ஓரத்தில் வந்து அமைந்தது. வடக்கே அல்சூர்ப் பக்கம் மதராஸ் சாப்பர்களின் தலைமையிடம். அருகிலேயே ராணுவப் பயிற்சி வளாகங்கள். மேற்கே சில கிலோமீட்டரில் பழைய பேட்டையின் கரடி மனைகள். அவ்வழியில் ஜே. சி. சாலையில் கே. வி. ஐயரின் வியாயாமசாலை. இப்போது வட்டச்சாலையில் கால்ஃப் லிங்க்ஸ் மென்பொருள் வளாகம், அதன் ஊழியர்களை நம்பி நடக்கும் பயிற்சிக்கூடங்கள். மேலுடற்பயிற்சியைத் திட்டமிட்ட வெவ்வேறு முறைகள் அனைத்தும் பத்துக் கிலோமீட்டர் சுற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன.

முதலில் கரடி மனை. கன்னடத்தில் கரடி என்பது மல்லர் பயிற்சிக்கூடம். தமிழிலும் கரடிக்கூடம் என்றால் சிலம்பக்கூடம். காட்டு விலங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெங்களூர்ப் பேட்டையின் கரடி மனைகள் கரக விழாவோடு பிணைந்தவை. கரகத்தைக் காவல் செய்யும் வீரகுமாரர்கள் இங்கே பயின்று வருவது மரபு. விழாவை நடத்தும் திகளர் சமூகத்தின் பெயரிலேயே தமிழ்த் தொடர்பு ஒளிந்திருக்கிறது. பழங்கன்னடத்தில் திகுளர் என்றால் தமிழர்.

கரடியின் பயிற்சியை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் தண்டாலும் பஸ்கியும் மட்டுமே அதன் உள்ளடக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. தண்டால் தள்ளும் பயிற்சி: மார்பு, தோளின் முன்பகுதி, புயத்தின் பின்தசை ஆகியவை உழைக்கும். இழுக்கும் தசைகளான முதுகும் புயத்தின் முன்தசையும் அதில் பெரிதாக வேலை செய்வதில்லை. தண்டாலை மட்டும் நூற்றுக்கணக்கில் எடுத்தவரின் தோள் முன்னோக்கிக் குவியும். இதற்கு மாற்று கரடிக்குள்ளேயே இருந்தது. கர்லாக்கட்டையைத் தோளுக்குப் பின்னால் இறக்கிச் சுழற்றி மீட்கும்போது முதுகின் பக்கத்தசைகளும் பிடியும் தோளின் பின்பகுதியும் உழைக்கின்றன. மல்யுத்தக் களத்தின் மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்டுவது அன்றாட வேலையாகவும் பயிற்சியாகவும் இருந்தது. கயிறும் கம்பமும் ஏறுதல் வேறு. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரில் அமைந்த மானசோல்லாசம் மல்லர்களின் பயிற்சியை விரிவாகப் பேசுகிறது. பாரம் தூக்கும் சிரமம், கம்பத்தில் செய்யும் சிரமம், நீரில் செய்யும் சிரமம் என அது பிரித்துக் காட்டும். தள்ளுதல், இழுத்தல் என்ற கலைச்சொற்கள் இல்லாமலேயே இரண்டுக்கும் கருவி வகுக்கப்பட்டிருந்தது.

மானசோல்லாசத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. மல்லர்களை வயது, உடற்பருமன், வலிமை ஆகியவற்றைக் கொண்டு மூன்று தரமாக அது பிரிக்கிறது. ஒரே கூடத்தில் பயின்றாலும் அனைவரும் ஒரே அளவில் பயிலவேண்டும் என்ற எண்ணம் அங்கே இல்லை. கரடியில் குரு எண்ணுவதில்லை, பார்க்கிறார். கட்டைகள் பல எடைகளில் சுவரோரம் நிற்கும். எவர் எதை எடுக்கலாம் என்பது அவர் சொல்வது. இதை லட்சியப்படுத்திவிடக் கூடாது. அந்தக் கூடத்தின் வாசல் பெண்களுக்குத் திறக்கவில்லை. சாதியும் பேட்டையும் யாரை உள்ளே விடுவது என்பதைத் தீர்மானித்தன. உள்ளே நுழைந்த சிலருக்குத் தனித்தனி அளவு கிடைத்ததற்கும், நுழையாதவர் பலர் என்பதற்கும் தொடர்பு உண்டு.

கண்டோன்மென்டின் பயிற்சி வேறு தேவையிலிருந்து பிறந்தது. நூறு பேரை ஒருவர் நடத்தவேண்டும். கருவி வாங்கப் பணமில்லை, அல்லது களத்தில் இடமில்லை. இதற்கு விடை தந்தவர் சுவீடனின் லிங். 1813இல் ஸ்டாக்ஹோமில் அவர் நிறுவிய நடுவண் நிறுவனத்திலிருந்து வளர்ந்த முறையை அவர் மகன் யால்மார் லிங் அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தினார். ஒரு நாள் வகுப்பைக் கால், கை, சமநிலை, தோள்பட்டை, வயிறு, பக்கவாட்டு உடல், தாவல், மூச்சு எனப் பகுதிபகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறித்த வரிசையில் வைக்கும் பழக்கம் இங்கிருந்து வந்தது. இன்றைய குழு வகுப்பின் 'பகுதி' என்னும் கருத்துக்கு நேரடி முன்னோர் இந்த அட்டவணைதான். பிரிட்டனின் பள்ளிகளும் படைகளும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையைப் பெருமளவில் ஏற்றன. அங்கிருந்து அது பேரரசு முழுவதும் பரவியது.

லிங்கின் அட்டவணையில் தொங்கி இழுக்கும் பயிற்சிகளுக்குத் தனி இடம் இருந்தது. ஆனால் அதற்கு உத்தரமும் கயிறும் வேண்டும். வெயில் காயும் அணிவகுப்புத் திடலிலும் பள்ளி மைதானத்திலும் அவை இல்லை. எனவே அட்டவணை கப்பலேறி வந்தபோது அதன் இழுக்கும் பகுதி மெல்ல உதிர்ந்து, கை நீட்டல், மடக்கல், தண்டால் என்பவை மட்டும் தங்கின. ஓய்வுபெற்ற படைவீரர்கள் பள்ளிகளில் 'டிரில் மாஸ்டர்' ஆனபோது மாணவர்களுக்குக் கிடைத்தது இந்த மிச்சம். 1920இல் எச். சி. பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது, பயின்ற ஆசிரியரை உருவாக்குவதே அதன் நோக்கம். அதுவரை அந்த இடத்தை டிரில் மாஸ்டரே நிரப்பி வந்தார்.

கர்லாக்கட்டைக்கு நேர்ந்ததும் இதே கதை. இந்தியாவில் அதைக் கண்ட பிரிட்டிஷ் படையினர் தம் பயிற்சிக்கு எடுத்துச் சென்றனர். 1834இல் லண்டனில் வெளியான டொனால்ட் வாக்கரின் நூல் அதைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. 1866இல் நியூயார்க்கில் சிம் கீஹோ அதற்கெனத் தனி நூலே எழுதினார். 1904ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அது போட்டியாகவும் ஆயிற்று. இந்தப் பயணத்தில் கட்டை இளைத்துக்கொண்டே போனது. எல்லோரும் ஒரே தாளத்தில் சுழற்றவேண்டுமானால் மிகவும் வலுக்குறைந்தவர் தூக்கும் எடைதான் எல்லோருக்குமான எடை. 'இந்தியன் கிளப்' என்ற பெயரோடு பள்ளி விழாக்களின் காட்சிப் பயிற்சியாக அது திரும்பி வந்தபோது, பேட்டையின் கரடிக் கட்டைக்கு அது பேரன்போல இருந்தது. கவாத்துக்குள் நுழையும் எந்தக் கருவியும் இப்படித்தான் எடை குறைகிறது.

இந்த இரு உலகங்களையும் ஒன்றாக்க முயன்ற மனிதர் பெங்களூரிலேயே இருந்தார். கோலார் வெங்கடேச ஐயர் (1897–1980) இன்று கன்னட வாசகர்களுக்குச் 'சாந்தலா', 'ரூபதர்சி' ஆகிய நாவல்களின் ஆசிரியராகவும், நாடகாசிரியர் டி. பி. கைலாசத்தின் நண்பராகவுமே அதிகம் தெரிந்தவர். 1920கள் முதல் அவர் நடத்திய ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக்கூடமும், ஆங்கிலத்தில் எழுதிய 'மஸில் கல்ட்' (1930), 'பெர்ஃபெக்ட் பிசிக்' (1936), 'சூரிய நமஸ்கார்' (1937) ஆகிய நூல்களும் இந்திய உடற்பயிற்சி வரலாற்றில் தனி அத்தியாயம். யூஜின் சாண்டோவின் பாதிப்பு அவரிடம் வெளிப்படை. சாண்டோ 1897இல் வெளியிட்ட நூலிலேயே வயதுக்கேற்ற எடை, எத்தனை முறை, எப்போது கூட்டவேண்டும் என்ற அட்டவணைகள் இருந்தன. தம் உடலழகைப் பற்றி ஐயருக்கு இருந்த பெருமிதம் இன்று படிப்பவருக்குப் புன்னகை வரவழைக்கும் அளவுக்குப் பெரியது. அதை ஒதுக்கிவிட்டு அவர் செய்த வேலையைப் பார்க்கவேண்டும். பார்பெல், டம்பெல் பயிற்சியோடு ஆசனத்தையும் சூரிய நமஸ்காரத்தையும் ஒரே திட்டத்துக்குள் அவர் கொண்டுவந்தார். அவருடன் இணைந்து செயல்பட்ட யோகாசாரியர் சுந்தரத்தைத் தமிழர்கள் 'சுந்தர யோக சிகிச்சை' என்னும் நூலால் அறிவர்.

ஐயர் நடத்திய அஞ்சல்வழிப் பயிற்சிதான் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு மிக நெருக்கமானது. கண்ணால் பார்க்காத மாணவருக்குத் திட்டம் எழுதவேண்டும். குருவின் பார்வை இல்லை. கட்டளையிடும் குரலும் இல்லை. மீதமிருப்பது ஒரு தாள் மட்டும். அந்தத் தாளில் எந்தப் பயிற்சி, எந்த வரிசையில், எத்தனை முறை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். எண்ணிக்கை மீண்டும் செய்பவர் கைக்கு வந்தது, ஆனால் எல்லையை வகுத்தது அச்சிட்ட விளக்கப்படம். 1896லேயே பெங்களூரில் பரத்வாஜ் என்பவர் எழுதிய 'வியாயாம தீபிகை' என்னும் நூல் கரடிப் பயிற்சிகளைப் படங்களோடு அச்சுக்குக் கொண்டுவந்திருந்தது. மைசூர் அரண்மனையின் யோக மரபை ஆராய்ந்த நார்மன் ஷோமன், கிருஷ்ணமாச்சாரியாரின் முறையில் இந்நூலின் தண்டால்களுக்குப் பங்கு இருப்பதாக வாதிட்டார். மார்க் சிங்கிள்டன் 2010இல் அந்த வாதத்தை விரிவாக்கி, ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலைக்கு அருகிலேயே ஐயரின் மாணவர் அனந்த ராவ் உடற்பயிற்சி கற்பித்ததை எடுத்துக்காட்டினார். சதுரங்க தண்டாசனம் என்ற பெயரையும் தண்டால் என்ற பெயரையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வாதம் வியப்பளிக்காது. அந்த யோகத்தின் வழிவந்த எண்ணிக்கை வகுப்புகளில் ஏகம், த்வே என்று ஆசிரியர் எண்ண மாணவர்கள் அசைவது, வடமொழியில் நிகழும் கவாத்து என்றால் மிகையாகாது. தள்ளுதல் மிகுந்து இழுத்தல் அருகிய குறை அங்கும் தொடர்கிறது.

கூட்டத்துக்கும் தனியாளுக்கும் இடையிலான முரணுக்குத் தெளிவான தீர்வு 1953இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. மார்கன், ஆடம்சன் என்னும் இருவர் 'சர்க்யூட்' முறையை வகுத்தனர். கூடத்தைச் சுற்றிப் பல நிலைகள்; ஒவ்வொன்றிலும் ஒரு பயிற்சி. முதல் நாள் ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு நிலையிலும் தம்மால் அதிகபட்சம் எத்தனை முறை இயலும் என்று சோதித்துக்கொள்வார். அதில் பாதியே அவருடைய பயிற்சி அளவு. நாற்பது பேர் ஒரே நேரத்தில் சுற்றி வந்தாலும் நாற்பது பேருக்கும் வேறுவேறு எண். உடற்பயிற்சி வரலாறுகளில் இது ஒரு வரியில் கடந்துபோகும் நிகழ்வு. உண்மையில் வகுப்பறைக் கற்பித்தலின் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக வைக்கத் தக்கது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயமுற்ற வீரர்களுக்குப் பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடையைக் கண்டறிந்து அதன் பாதி, முக்கால், முழு எடை என மூன்று சுற்றுத் தரும் முறையை உருவாக்கினார். இன்று எவரும் சொல்லும் 'மூன்று செட், பத்து ரெப்' என்பதன் மூலம் அது. ரெப் என்பது 'திரும்பச் செய்தல்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். கசரத்து வேறு உடையில் திரும்பியிருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் நியூஸிலாந்தின் லெஸ் மில்ஸ் நிறுவனம் பார்பெல்லை இசைக்குள் கொண்டுவந்தது. பாடி பம்ப் என்ற அந்த வகுப்பில் பத்துப் பாடல்கள். தொடக்கம், பஸ்கி, மார்பு, முதுகு, புயத்தின் பின்தசை, முன்தசை, லஞ்ச், தோள், வயிறு, தளர்வு என்று பாடலுக்கு ஒரு பகுதி. யால்மார் லிங்கின் அட்டவணைக்குத் தாளம் போட்டால் இதுதான் கிடைக்கும். இங்கே எண்ணுவது ஆசிரியரும் இல்லை, பாட்டு. பாராட்டத்தக்க ஒன்றும் உண்டு: பத்தில் ஐந்து மேலுடலுக்கு, முதுகுக்குத் தனிப் பாடல், பாடலுக்குப் பாடல் தட்டு மாற்றிக்கொள்ளும் உரிமை. திடலில் உதிர்ந்துபோன இழுக்கும் பகுதி பார்பெல்லோடு திரும்பி வந்தது.

பெங்களூரில் 2016இல் தொடங்கிய கியூர்ஃபிட் போன்ற நிறுவனங்கள் குழு வகுப்பையே வணிகத்தின் மையமாக்கியபின், தொம்மலூர், இந்திராநகர்ப் பக்கம் அது அன்றாடக் காட்சியாகிவிட்டது. கரடியின் வாசலில் நின்றுவிட்ட பெண்கள் இங்கே உள்ளே இருக்கிறார்கள். இது சிறிய மாற்றம் இல்லை. ஆனால் அவர்கள் நுழைந்த அறையில் அளவை வகுப்பது எது? பயிற்றுநர் 'இருபது தண்டால்' என்று எண்ணிக்கையைக் கட்டளையாக்கினால், வகுப்பில் ஒரு சாரார் ஆறாவதிலேயே தரையில் கிடப்பர். அவர்கள் அடுத்த வாரம் வராமல் போவதை எந்த அட்டவணையும் பதிவு செய்வதில்லை. 'நாற்பது நொடி, பிறகு இருபது நொடி ஓய்வு' என்று நேரத்தை மட்டும் பொதுவாக்கினால், எண்ணிக்கை மீண்டும் அவரவரிடம் போகிறது. முழங்கால் ஊன்றினால் தாங்கும் எடை உடலின் பாதியளவுக்கு இறங்குகிறது. உயரமான பெட்டியில் கை வைத்தால் இன்னும் குறைகிறது. இவற்றை 'இயலாதவருக்கு' என்று அறிவிக்காமல் கட்டைகள் பல எடையில் சுவரோரம் நின்றதைப்போல முன்னரே அறையில் வைத்திருப்பது திட்டமிடுபவரின் வேலை.

இழுத்தல்தான் இன்னும் தீராத பாக்கி. இடவாடகை மிகுந்த நகரத்தில் வெறுந்தரையும் பாயும் இரண்டு டம்பெல்லும் கொண்ட அறையே மலிவானது. அணிவகுப்புத் திடலின் பொருளாதாரம் உட்கூரையோடு திரும்பியிருக்கிறது. அங்கே முன்குனிந்து டம்பெல்லை இடுப்புக்கு இழுக்கும் பயிற்சியை வைக்கிறார்கள். 40 கிலோவைத் தள்ளிய கைகள் உடனே ஐந்து கிலோவை இழுக்கின்றன. தாளில் இரண்டும் மூன்று சுற்று, சமம். ரப்பர்ப் பட்டை இதை ஓரளவு சரிசெய்கிறது. நாளெல்லாம் கணினிமுன் தோள் குவிந்து உட்கார்ந்துவிட்டு வருபவர்களுக்கு, தள்ளும் ஒரு சுற்றுக்கு இழுக்கும் இரண்டு சுற்று என்று வைக்கும் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அண்மைக் காலமாகக் கதையையும் கட்டையையும் வகுப்புக்குள் கொண்டுவருகின்றனர். பேட்டையின் கரடி மனையில் மரத்தில் கடைந்த பொருளின் உலோகப் பிரதி 'மேஸ்' என்ற பெயரில், எடை பொறிக்கப்பட்டு, இணையக் கடையில் விற்பனைக்கு இருக்கிறது.